பெருங்கொட்டை ஓக் மரமும் அதன் மேகக் காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள ஈர மலைகளில் வளரும் குவெர்கஸ் இன்சிக்னிஸ் என்னும் ஓக் மரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே வகையான ஐயங்கள் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டுவைத்து, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். முன் கேள்வியில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாததால், வரிசையாகப் படிப்பது நல்லது.

ஓக் என்றாலே பனி பெய்கிற நாட்டு மரம்தானே? வெப்பமண்டலத்தில் எப்படி?

ஐரோப்பியக் கதைகளின் வழியாகவே நாம் ஓக் மரத்தை அறிந்திருப்பதால் இந்த எண்ணம் ஏற்பட்டிருக்கிறது. உலகில் ஏறத்தாழ 430 ஓக் இனங்கள் உள்ளன. அவற்றில் 160-க்கும் மேற்பட்டவை மெக்சிகோவில் மட்டும் வளர்கின்றன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இனங்கள் இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளிலும் ஓக் உண்டு. தென் அமெரிக்காவில் ஒரேயொரு ஓக் இனம் கொலம்பியாவின் ஆண்டிஸ் மலைகள் வரை இறங்கியிருக்கிறது.

இந்தப் பக்கம் பேசும் இனம் மெக்சிகோவின் வெராகுரூஸ், ஒஹாக்கா, சியாபாஸ் மாநிலங்களின் மலைச்சரிவுகளில் தொடங்கி, மத்திய அமெரிக்காவின் மலைத்தொடர் வழியே கோஸ்டாரிக்கா, பனாமா வரை துண்டு துண்டாகக் காணப்படுகிறது. ஐரோப்பியத் தாவரவியலாளர்களான மார்ட்டென்ஸ், கலியோட்டி ஆகிய இருவரும் 1843-இல் இதற்கு அறிவியல் பெயர் இட்டார்கள். மெக்சிகோவில் இதைச் சிக்கலாபா என்றும் அழைப்பதுண்டு.

எங்கள் எஸ்டேட் முழுக்க சில்வர் ஓக் நிற்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. நீலகிரி, வால்பாறை, ஏற்காடு தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கிரெவில்லியா என்னும் மரம். அதற்கும் ஓக் குடும்பத்துக்கும் உறவு கிடையாது. ஓக் கொட்டை எதுவும் அதில் காய்க்காது என்பதே போதுமான சான்று.

அப்படியென்றால் நம் பக்கம் உண்மையான ஓக் எதுவுமே இல்லையா?

இயற்கையாக வளர்வது எதுவும் இல்லை. இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் ஓக் காடுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ இலங்கையிலோ இந்தக் குடும்பத்து மரம் ஒன்றுகூடத் தானாக முளைத்ததில்லை. மலைவாழிடங்களில் ஆங்காங்கே நிற்பவை நட்டு வளர்த்தவை.

ஆனாலும் ஓக் நம் வீடுகளுக்கு அந்நியமானது அன்று. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய், மேற்கு ஆசியாவில் வளரும் ஓர் ஓக் மரத்தின் கிளையில் ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு. உலர்ந்த மாசிக்காயில் சிறு துளை இருந்தால், குளவி வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள்.

கொட்டை ரொம்பப் பெரியது என்கிறார்கள், எவ்வளவு பெரியது? மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

வழக்கமான ஓக் கொட்டை விரல்நுனி அளவில் இருக்கும். இதன் கொட்டையோ கிண்ணத்தோடு சேர்த்துப் பார்த்தால் 8 செ.மீ. குறுக்களவை எட்டக்கூடியது, கையில் எடுத்தால் உள்ளங்கையை நிறைத்துவிடும். ஓக் இனங்களிலேயே மிகப் பெரிய கொட்டைகளைக் காய்ப்பவற்றுள் இதுவும் ஒன்று. கிண்ணத்தின் வெளிப்புறம் தடித்த செதில்களால் வட்ட வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். தரையில் விழுந்து கிடக்கும் கொட்டையைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் எங்காவது குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை தென்படும். கூன்வண்டின் புழு உள்ளே தின்று முடித்து, மண்ணுக்குள் போவதற்காகத் துளைத்த வழி அது. கொட்டை பெரிதாக இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது: புழு ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டாலும், கூர்முனைக்கு அருகிலுள்ள முளைக்கரு தப்பினால், மிஞ்சிய சதையை வைத்துக்கொண்டு நாற்று எழுந்துவிடும்.

மரம் 30 மீட்டர் வரையும் அதற்கு மேலும் உயரும். இலை ஒரு சாண் நீளம் வரை வளரக்கூடியது, விளிம்பில் பற்கள் இருக்கும், அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். எனினும் ஓக் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை என்பதால், இலையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் வல்லுநர்களே தயங்குவார்கள்.

அந்தக் கொட்டையைச் சாப்பிடலாமா?

ஓக் கொட்டைகளில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. கொரியாவில் வேறு ஓக் இனங்களின் கொட்டைகளை அரைத்து, நீரில் பலமுறை ஊறவைத்துத் துவர்ப்பை நீக்கி உண்கிறார்கள். ஆனால் முளைக்கவே கொட்டை போதாமல் இருக்கும் ஓர் இனத்திடம் போய் நாம் உணவு தேட வேண்டியதில்லை.

மேகக் காடு என்கிறீர்களே, நம் சோலைக்காடு மாதிரியா?

ஒப்பிடலாம். இரண்டிலும் மலையேறி வரும் ஈரக்காற்று குளிர்ந்து, காட்டுக்குள்ளேயே மேகமாகத் தங்குகிறது. இரண்டிலும் மரப்பட்டையே தெரியாத அளவுக்குப் பாசியும் பெரணியும் ஆர்க்கிட்டும் மூடியிருக்கும். ஆனால் சோலை பெரும்பாலும் புல்வெளிகளுக்கு நடுவே மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் குட்டையான காடு. வெராகுரூஸ் மேகக் காட்டின் மேற்கூரை மிக உயரமானது. அங்கே ஓக், லிக்விடாம்பர் போன்ற வடதிசை மரங்கள் மேலடுக்கிலும், மரப்பெரணி போன்ற வெப்பமண்டலத் தாவரங்கள் கீழடுக்கிலும் ஒன்றாக வாழ்கின்றன. குளிர்நாட்டுத் தாவர உலகமும் வெப்பநாட்டுத் தாவர உலகமும் ஒரே சரிவில் சந்திப்பதுதான் அந்தக் காட்டின் தனித்தன்மை.

மெக்சிகோவின் நிலப்பரப்பில் மேகக் காடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்நாட்டுத் தாவர இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. அக்காட்டின் 762 மர இனங்களை மதிப்பிட்டு 2011-இல் வெளியான சிவப்புப் பட்டியல், அவற்றில் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டவை அழியும் அபாயத்தில் இருப்பதாகக் காட்டியது. அதாவது நாம் பேசும் ஓக் தனியாகத் தவிக்கவில்லை. அது இருக்கும் காடே நலிந்திருக்கிறது.

ஏழெட்டு நாடுகளில் இருக்கிற மரம் எப்படி அழியும்? ஒரே மலையில் இருப்பதுதானே அழியும்?

நியாயமான கேள்வி, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் மெக்சிகோவிலிருந்து பனாமா வரை ஒரு நீண்ட பட்டை தெரியும். நேரில் போனால், அந்தப் பட்டைக்குள் குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட அளவு ஈரமுள்ள சரிவுகளில் மட்டும் சிறு சிறு கூட்டங்களாக மரங்கள் நிற்கும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கோ, காப்பித் தோட்டமோ, மேய்ச்சல் நிலமோ இருக்கும். காற்று சுமந்துவரும் மகரந்தம் சில மைல்களைத் தாண்டலாம். இவ்வளவு கனமான கொட்டை தாண்டாது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. மொத்த எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அதன் வாழிடம் சுருங்கிக்கொண்டே போவதும், எஞ்சியவை சிதறிக் கிடப்பதும், பல இடங்களில் முதிய மரங்களுக்குக் கீழே இளங்கன்றுகளைக் காண முடியாததும் சேர்ந்த விளைவு அது. என் கணிப்பில் இந்த மூன்றாவதுதான் மிகக் கவலைக்குரியது. ஓக் மரம் நூற்றாண்டுக் கணக்கில் வாழக்கூடியது. எனவே ஒரு கூட்டம் இனப்பெருக்கத்தை நிறுத்திய பிறகும், பார்ப்பவர் கண்ணுக்குப் பல தலைமுறைகள் நலமாகவே தோன்றும்.

காட்டை அழித்தது காப்பிதானே?

காப்பி தொடங்கியது, ஆனால் காப்பியோடு முடியவில்லை. காப்பிச் செடி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெராகுரூஸ் பகுதிக்கு வந்தது. மேகக் காட்டின் கீழ்ப்பகுதிக்கும் நல்ல காப்பி விளையும் பகுதிக்கும் உயரம் ஒன்றே. அதனால் கோவாத்தெபெக், உவாத்துஸ்கோ போன்ற ஊர்களைச் சுற்றி, காட்டின் கீழடுக்கை வெட்டிவிட்டுக் காப்பியை வைத்தார்கள். மேலே சில பெரிய மரங்களை நிழலுக்காக விட்டுவைத்தார்கள். கரிமூட்டத்துக்கும் வேலிக்காலுக்கும் விறகுக்கும் ஓக் வெட்டப்பட்டது தனிக்கணக்கு. ஓக் கட்டை நின்று எரியும், கரியும் தரமானது.

பெரிய அடி பிறகு வந்தது. 1970-களில் விளைச்சலைக் கூட்டுவதற்காக நிழல் மரங்களைக் குறைத்து நெருக்கமாக நடும் முறை ஊக்குவிக்கப்பட்டது. 1989-இல் பன்னாட்டுக் காப்பி உடன்பாட்டின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை சரிந்ததும் விலை வீழ்ந்தது. அதே காலத்தில் மெக்சிகோ அரசின் காப்பி நிறுவனமும் கொள்முதலிலிருந்து விலகத் தொடங்கியது. கட்டுப்படியாகாத சிறு விவசாயிகள் பலர் தோட்டத்தை மொட்டையடித்து மாட்டுக்குப் புல்லோ கரும்போ வைத்தார்கள். ஆக, காப்பிக்காக அழிந்த காட்டைவிட, காப்பி கட்டுப்படியாகாததால் போன மரங்களே என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலைத்துரு நோய் மத்திய அமெரிக்காவையும் மெக்சிகோவையும் தாக்கியபோது மீண்டும் அதே கதை நடந்தது. 1869-இல் இலங்கையில் முதலில் கவனிக்கப்பட்டு, அங்கே காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதும், தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கையையே திசைமாற்றியதும் இதே துருதான். இன்னொரு பயிரையும் சொல்ல வேண்டும். நாம் கூட்டு வைக்கும் சௌசௌவின் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்கப் பகுதியும்தான். வெராகுரூஸ் மலைகளின் குளிர்ந்த, ஈரமான சரிவுகளில் அதைப் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். ஓக் விரும்புவதும் அதே சரிவைத்தான்.

நிழல் காப்பித் தோட்டத்தில் மரம் நிற்கத்தானே செய்கிறது, அது போதாதா?

வெறும் மேய்ச்சல் நிலத்தைவிட நிழல் தோட்டம் எவ்வளவோ மேல். பறவைகளுக்கும் மரக்கிளைகளின் மேல் வளரும் தொற்றுத் தாவரங்களுக்கும் அது உண்மையான புகலிடம். ஆனால் தோட்டத்தில் விவசாயி ஆண்டுதோறும் களையெடுக்கிறார். அவருடைய களைக்கொத்து ஓக் நாற்றையும் களையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தாலும், விரைவில் வளர்ந்து மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும் இங்கா மரத்தைத்தான் நிழலுக்கு விரும்புவார். அதில் அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆகவே நிழல் தோட்டம் முதிய ஓக்குகளைத் தாங்குகிறது, புதிய ஓக்கைத் தருவதில்லை. இளங்கன்று இன்மை என்று முன்பு குறிப்பிட்டேனே, அது கண்கூடாகத் தெரியும் இடம் இதுதான். களையெடுக்கும்போது நாற்றுக்கு அருகில் ஒரு குச்சியை நட்டுவைத்து அதை விட்டுவிடுவதற்கு விவசாயிக்கு ஏதேனும் காரணம் கிடைத்தால், நிலைமை மாறும். மெக்சிகோவில் நடக்கும் மீட்பு முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை தருபவை, விவசாயியையும் கணக்கில் சேர்த்துத் தொடங்கியவையே.

புல்வெளி நடுவே ஒரு பெரிய மரம் தனியாக நிற்கும் படம் பார்த்தேன். அது காய்க்குமே, பிறகு என்ன?

காய்க்கலாம், ஆனால் சரியாகக் காய்ப்பது கடினம். ஓக் காற்றின் மூலம் மகரந்தம் பெறும் மரம். தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அருகில் துணைமரம் இல்லாதபோது நல்ல கொட்டைகள் குறைகின்றன. இதற்கு மேல், ஓக் மரங்கள் எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் கொட்டித் தீர்த்துவிட்டு, இடையில் ஏறத்தாழ ஓய்ந்திருக்கும். நிறையக் காய்க்கும் ஆண்டில், தின்பவை தின்றது போக மிஞ்சும். தனிமரத்தில் அந்த உத்தி பலிக்காது.

விழுந்த கொட்டை முளைத்தாலும் மாடு மேயும், மிதிக்கும். புல் வேர்கள் ஈரத்தை முந்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தடையும் உண்டு. ஓக் வேர்கள் சிலவகைப் பூஞ்சைகளோடு சேர்ந்தே நீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. காட்டின் ஓரத்தில் முளைக்கும் நாற்றுக்கு அந்தப் பூஞ்சை அருகிலுள்ள பெரிய மரத்தின் வேரிலிருந்தே கிடைத்துவிடும். புல்லும் காப்பியும் வேறு வகைப் பூஞ்சைகளோடு வாழ்பவை. எனவே ஓக்கை வெட்டிப் பல ஆண்டுகள் புல் வளர்த்த மண்ணில் ஓக்கின் கூட்டாளிகள் அருகிப்போயிருக்கும்.

இவ்வளவு பெரிய கொட்டையை யார் எடுத்துக்கொண்டு போய் விதைப்பது?

கொறித்துண்ணிகள்தான். காட்டெலிகளும் அணில்களும், மத்திய அமெரிக்கக் காடுகளில் அகூட்டி என்னும் முயல் அளவுள்ள கொறிவிலங்கும் பெரிய விதைகளை இழுத்துச் சென்று, பிற்பாடு தின்பதற்காகத் தனித்தனியாகப் புதைக்கின்றன. மறந்துபோனதோ, புதைத்த விலங்கே இரையாகிப் போனதால் எஞ்சியதோ முளைக்கும்.

இதில் ஒரு சுவையான போட்டி இருக்கிறது. வெள்ளை ஓக் பிரிவைச் சேர்ந்த மரங்களின் கொட்டை விழுந்த சில நாட்களிலேயே முளைவேர் விடத் தொடங்கிவிடும்; நம் ஓக்கும் அப்பிரிவைச் சேர்ந்ததே. முளைத்த கொட்டை சேமிப்புக்கு ஆகாது என்பதால், வட அமெரிக்க அணில்கள் அத்தகைய கொட்டைகளைப் புதைக்கும் முன் கூர்முனையைக் கடித்து முளைக்கருவை எடுத்துவிடுகின்றன. வேட்டையாலும் காடு துண்டாடப்படுவதாலும் சற்றுப் பெரிய விலங்குகள் குறையும்போது, கொட்டைகளைத் தூரம் கொண்டுபோவோர் இல்லாமல், அவை தாய்மரத்தடியிலேயே எலிக்கும் கூன்வண்டுக்கும் இரையாகின்றன.

விதை வங்கியில் போட்டு வைத்துவிடலாமே? நெல்லுக்கெல்லாம் செய்கிறார்களே?

நெல்லை உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே வைத்தால் பல்லாண்டு உயிரோடு இருக்கும். ஓக் கொட்டை அப்படியல்ல. உலர்த்தினால் செத்துவிடும், உலர்த்தாமல் உறையவைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகித் திசுக்களைக் கிழித்துவிடும். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் இதே வகையைச் சேர்ந்த விதைகள்தாம்; காய்ந்துபோன பலாக்கொட்டை முளைக்காது என்பது நமக்குத் தெரியும். சேகரித்த ஓக் கொட்டையை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்து, விரைவில் விதைத்துவிட வேண்டும்.

முளைக்கருவை மட்டும் பிரித்தெடுத்துத் திரவ நைட்ரஜனில் காக்கும் முறைகள் ஆய்வில் இருக்கின்றன. ஆனால் அன்றாட நடைமுறையில் ஓக்கின் விதை வங்கி என்பது உயிருள்ள மரம்தான். அதனால்தான் தாவரவியல் பூங்காக்கள் இதில் முக்கியமாகின்றன. வெராகுரூஸின் தலைநகரான ஹலாப்பாவில், மேகக் காட்டின் எச்சத்தை ஒட்டியே அமைந்திருக்கும் பிரான்சிஸ்கோ ஹவியெர் கிளாவிஹேரோ பூங்கா அத்தகைய ஓர் இடம்.

நாற்றங்காலில் வளர்த்து நட்டால் வேலை முடிந்தது, இல்லையா?

அங்கேதான் வேலை தொடங்குகிறது. கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை ஒதுக்குவது முதல் படி. அவற்றில் பெரும்பாலானவை புழு தின்றவை அல்லது உலர்ந்தவை. மூழ்கியதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மெல்லிய மண் மூடினால், கூர்முனை வெடித்து முளைவேர் நேரே கீழிறங்கும். தண்டும் இலையும் அதற்குப் பிறகே வரும். வித்திலைகள் ஓட்டுக்குள்ளேயே தங்கி, மாதக்கணக்கில் நாற்றுக்கு உணவூட்டும். ஆழமற்ற பாலித்தீன் பையில் ஆணிவேர் அடியை முட்டிச் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேருடன் நட்ட மரம் பிற்பாடு சாயும். எனவே உயரமான பைகளே ஏற்றவை. முதிய ஓக் மரத்தடி மண்ணில் ஒரு பிடி கலப்பது, மேலே சொன்ன பூஞ்சையைச் சேர்ப்பதற்கான எளிய வழி.

நட்ட பிறகு வேலி, புல் நீக்கம், ஓரளவு நிழல் மூன்றும் வேண்டும். திறந்த புல்வெளியில் நடுவதைவிட, தானாக எழுந்த புதர்களும் விரைவில் வளரும் மரங்களும் இருக்கும் இளங்காட்டின் நடுவே நடுவது பெரும்பாலும் மேலானது. கொட்டையை நேரடியாக நிலத்தில் ஊன்றினால் செலவு குறையும். எலிகளுக்கு விருந்தும் ஆகும். ஒரே மரத்தின் கொட்டைகளால் ஒரு மலையையே நிரப்புவதும் தவறு, ஏனெனில் அடுத்த தலைமுறை முழுவதும் உடன்பிறப்புகளாகிவிடும்.

இன்னும் நானூறு ஓக் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன?

2020-இல் வெளியான ஓக் இனங்களுக்கான சிவப்புப் பட்டியல், உலக ஓக் இனங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 31 அழியும் ஆபத்தில் இருப்பதாக மதிப்பிட்டது. சீனாவும் மெக்சிகோவும் அந்த எண்ணிக்கையில் முன்னிற்கின்றன. ஒன்று போனால் என்ன என்ற கேள்வியை நூற்றுக்கும் மேற்பட்ட தடவை கேட்க வேண்டியிருக்கும்.

அந்தந்தக் காட்டில் இந்த மரம் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். முதிய ஓக் ஒன்றின் அகன்ற கிடைக்கிளையில், பாசிக்கு மேல் மண்ணே உருவாகியிருக்கும். அதில் ஆர்க்கிட்டும் பெரணியும் வேரூன்றியிருக்கும். அன்னாசிக் குடும்பத்துப் புரோமீலியாச் செடிகளின் இலையடியில் நீர் தேங்கியிருக்கும். மெக்சிகோ மேகக் காடுகளில் பல்லி வடிவ நீர்நில வாழ்விகளான சலமாண்டர்களில் சில இனங்கள் பகலில் அந்த ஈர இலையடிகளில்தான் ஒளிந்திருக்கின்றன. வேகமாக வளரும் இளமரத்தின் வழுவழுப்பான பட்டையில் இந்தக் குடியிருப்பு அமையாது. அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

மேகத்திலிருந்து மரம் தண்ணீர் பிடிக்கும், காட்டை வெட்டினால் ஆறு வற்றும் என்பது உண்மைதானா?

பாதி உண்மை. சில மலைகளில் இலைகள் மேகத்திலிருந்து வடிக்கும் நீர் கணிசமானது. ஆனால் மத்திய வெராகுரூஸில் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அது ஆண்டு மழையில் நூற்றுக்கு 2-க்கும் குறைவு என்று கண்டார்கள். மேகக் காட்டின் பெருமையைச் சொல்லும் பலர் இந்த எண்ணைச் சொல்வதில்லை; சொல்லாமல் விடுவதால் வாதம் பலவீனமாகிறதே தவிர வலுப்பெறுவதில்லை.

காட்டின் நீர்ச்சேவை வேறிடத்தில் இருக்கிறது. மூடுபனி நிற்கும்போது மரங்கள் குறைவாகவே நீரை ஆவியாக்குகின்றன. எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான அப்பகுதி மண், மாடு மிதித்து இறுகாதவரை, மழையைச் சட்டென்று உள்ளே வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. 1998-இல் ஏற்பட்ட வறட்சியில் தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்த கோவாத்தெபெக் நகரம், 2002-இல் ஒரு நிதியம் அமைத்து, நகரத்தில் குழாய்நீர் பயன்படுத்துவோரின் சிறு பங்களிப்பைக் கொண்டு மேலேயுள்ள நில உரிமையாளர்களுக்குக் காட்டைக் காப்பதற்காகப் பணம் தரத் தொடங்கியது. மறு ஆண்டில் மெக்சிகோ அரசு இத்தகைய திட்டத்தை நாடளவில் கொண்டுவந்தது. தொகை சிறியது, நிலத்தை வேறு பயிருக்கு விட்டால் வரும் வருமானத்துக்கு ஈடாகாது என்ற குறை நியாயமானதே.

காப்பகங்களில் உள்ள மரங்களாவது பத்திரம்தானே?

கோடரியிலிருந்து பத்திரம், வெப்பத்திலிருந்து அன்று. புவி வெப்பமடைகையில் மேகம் உருவாகும் மட்டம் மேலேறுகிறது, அதோடு காடும் ஏற வேண்டும். ஆனால் மலைக்கு உச்சி உண்டு, உச்சிக்கு மேலே இடமில்லை. பல சரிவுகளில் மேற்பகுதி ஏற்கெனவே வேளாண் நிலமாகிவிட்டது. மெக்சிகோவின் மேகக் காட்டில் நூற்றுக்கு 68 பங்கு வரை 2080-க்குள் தனக்குரிய காலநிலையை இழக்கலாம் என 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. காப்பக எல்லைகள் காகிதத்தில் நிலையாக நிற்பவை. காட்டுக்குத் தேவைப்படுவது, கீழ்ச்சரிவிலிருந்து மேற்சரிவு வரை தொடரும் மரப்பாதை. நிழல் காப்பித் தோட்டங்கள் அந்தப் பாதையின் கீழ்ப்படியாக அமையலாம் என்பதால்தான், அவற்றை முழுக்கத் தள்ளிவிடக் கூடாது என்கிறேன்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நட்டுக் காப்பாற்றலாமே? உயரமும் மழையும் ஒத்துவருமே?

ஆர்வத்தோடு கேட்கப்படும் கேள்வி. பதில் வேண்டாம் என்பதே. வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுச் சோலைப் புல்வெளிகளை இழந்த அனுபவம் நமக்கே இருக்கிறது. வாட்டிலை அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஓக் அப்படிப் பரவாது என்று வைத்துக்கொண்டாலும், கொட்டைக்குள் வரும் கூன்வண்டும், மண்ணோடு வரும் வேரழுகல் கிருமியும் நம் காட்டுக்குப் புதியவையாக இருக்கக்கூடும். விதையை அனுமதியின்றிப் பையில் போட்டுக் கொண்டுவருவது தாவர நோய்த்தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அப்படியானால் வெளிநாட்டுப் பூங்காக்களில் இருக்கும் மரங்களால் பயனே இல்லையா?

பயன் உண்டு, நிபந்தனையோடு. எந்தச் சரிவில், எந்தத் தாய்மரத்திலிருந்து, எந்த ஆண்டில் கொட்டை எடுக்கப்பட்டது என்ற பதிவேடு இருந்தால், அந்த மரம் காட்டிலுள்ள ஒரு கூட்டத்தின் காப்புப் பிரதியாகும். பதிவேடு இல்லாத மரம் அழகுக்கு மட்டும்தான் உதவும்.

அம்மரத்தில் காய்க்கும் கொட்டையை எடுத்து மீண்டும் மெக்சிகோவில் நடலாமா என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. பூங்காவில் பத்தடிக்கு ஒரு ஓக் இனம் நிற்கும். முன்பே சொன்னபடி ஓக்குகள் எளிதில் கலப்பவை. காற்று கொண்டுவந்த மகரந்தம் பக்கத்து இனத்தினுடையதாகவே இருக்கக்கூடும். அவ்வாறு பிறந்த நாற்று வளமாக வளரும், இலையும் ஏறத்தாழ அதேபோல் இருக்கும். ஆனால் காட்டுக்குத் திருப்பி அனுப்பத் தகுந்ததா என்பது மரபணுச் சோதனைக்குப் பிறகே தெரியும். அதனால்தான் பூங்கா மரங்களிலிருந்து மீட்பு நடவுக்குக் கன்று எடுப்பதானால், ஒட்டுக்கட்டியோ, கட்டுப்படுத்திய மகரந்தச் சேர்க்கையாலோ பெருக்கியவையே பாதுகாப்பானவை.